கிளிக் சத்தம் கேட்டால் போதாது, இழுத்தும் பார்

போன இதழில் ‘ஹூண்டாயின் சொகுசு பிராண்டு ஜெனசிஸ் 2027-க்குள் இந்தியாவுக்கு வருகிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஹூண்டாய் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அந்தக் கம்பெனிதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஹூண்டாயில் வேலை பார்த்தவள் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு ஒயரிங் ஹார்னஸ், அதாவது வண்டி முழுக்க ஓடும் ஒயர்களின் கட்டு, செய்யும் ஒரு வெண்டர் கம்பெனியில் 26 வருஷம் இருந்தேன். லைனில் டிரெய்னியாகச் சேர்ந்து தரப்பிரிவின் தலைமைப் பொறுப்பில் ஓய்வு பெற்றேன். எந்தக் கார் கம்பெனியையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கத் தெரியும்.

ஆர்.எம்., தென்காசி: என் மகன் எம்.பி.ஏ. படிக்கிறான். உலகின் மூன்றாவது பெரிய கார் குழுமம் ஹூண்டாய் என்கிறான். எங்கள் காலத்தில் கொரியா என்றால் போர்தான் ஞாபகம் வரும். அறுபது வருஷத்துக்குள் இது எப்படி நடந்தது?

உங்கள் மகன் சொல்வது சரிதான் ஐயா. 2022 முதல் டொயோட்டா, ஃபோக்ஸ்வேகனுக்கு அடுத்த இடத்தில் ஹூண்டாய், கியா, ஜெனசிஸ் மூன்றும் சேர்ந்த குழுமம் இருக்கிறது. வருஷத்துக்கு 70 லட்சம் வண்டிக்கு மேல் விற்கிறார்கள்.

சுங் ஜு-யுங் கட்டுமானத் தொழிலில் வளர்ந்தவர். 1967-ல் கார் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருஷமே உல்சான் நகரத்துத் தொழிற்சாலையில் ஃபோர்டின் கார்ட்டினாவைப் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாகம் ஃபோர்டுடையது, திருப்புளி இவர்களுடையது. எஞ்சின் தொழில்நுட்பத்தைக் கேட்டபோது ஃபோர்டுடன் ஒத்துவரவில்லை. அப்புறம் அவர்கள் செய்ததைத்தான் உங்கள் மகன் கவனிக்க வேண்டும். தன்னிடம் இல்லாத ஒவ்வொன்றையும் அது எங்கே சிறப்பாக இருக்கிறதோ அங்கே போய் வாங்கினார்கள். வடிவத்துக்கு இத்தாலியின் ஜுஜாரோ, எஞ்சினுக்கு ஜப்பானின் மிட்சுபிஷி, தொழிற்சாலையை நடத்திக் காட்ட பிரிட்டிஷ் லேலண்டில் பெரிய பதவியில் இருந்த ஜார்ஜ் டர்ன்புல். 1974-ல் டூரின் கண்காட்சியில் காட்டிய கார் ‘போனி’. 1976-ல் ஈக்வடோருக்குக் கப்பலேறிவிட்டது. கொரியா முதன்முதலாக ஏற்றுமதி செய்த சொந்தக் கார் அது.

இதுவரை வெற்றிக் கதை. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்துதான் வருகிறது.

1986-ல் ‘எக்ஸெல்’ காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். விலை 4,995 டாலர். முதல் வருஷத்திலேயே 1,68,882 கார் விற்றது. இரண்டு மூன்று வருஷம் ஓடியதும் வண்டிகள் பழுதாக ஆரம்பித்தன. மலிவு என்று வாங்கியவர்களே மற்றவர்களிடம் ‘வாங்காதே’ என்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு நேர நிகழ்ச்சிகளில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். 1998-ல் அங்கே வருஷ விற்பனை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மானம் போன சந்தையிலிருந்து மூட்டை கட்டிவிட்டு வந்திருக்கலாம்.

அவர்கள் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி என்று அறிவித்தார்கள். மற்ற கம்பெனிகளில் பல 3 வருஷம், 36,000 மைல் என்று கொடுத்துக்கொண்டிருந்த காலம். இதை வெறும் விளம்பர உத்தி என்று பாடப்புத்தகத்தில் படிக்கலாம். தரப்பிரிவில் இருந்த எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. பத்து வருஷ வாரண்டி கொடுத்துவிட்டால், இன்று லைனில் தப்பிப்போகிற ஒவ்வொரு கோளாறும் பத்து வருஷம் கழித்தும் உன் பணப்பெட்டியில்தான் கை வைக்கும். வாங்குகிறவரின் பயத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அப்படி எழுதிக்கொண்ட பிறகு தரத்தைச் சரிசெய்யாமல் தப்பிக்கவே முடியாது.

அந்த நேரத்தில் பொறுப்புக்கு வந்தவர் நிறுவனரின் மகன் சுங் மோங்-கூ. அவர் முன்பு நடத்திக்கொண்டிருந்தது ஹூண்டாயின் சர்வீஸ் கம்பெனியை. வாங்கியவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி வாய்விட்டுத் திட்டும் இடம் அது. அந்தத் திட்டைக் கேட்டவர் தலைவரானது குழுமத்தின் நல்ல நேரம். 2005-ல் அலபாமாவில் சொந்தத் தொழிற்சாலை திறந்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் வேலையிழப்பு கடுமையாக இருந்தபோது, ‘கார் வாங்கி ஒரு வருஷத்துக்குள் வேலை போனால் வண்டியைத் திருப்பித் தந்துவிடலாம்’ என்றார்கள். சந்தையே சரிந்த அந்த வருஷம் இவர்கள் விற்பனை கூடியது. 1998-ல் செய்த அதே காரியத்தைத்தான் இன்னொரு வடிவத்தில் செய்தார்கள். வாங்குகிறவருக்கு எதில் பயமோ, அதைத் தான் எடுத்துக்கொள்வது.

சென்னைக்கு அவர்கள் வந்ததும் இந்தக் காலத்தில்தான். 1996-ல் கம்பெனி பதிவு, 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ. அமெரிக்காவில் பெயர் கெட்டுக் கிடந்த அதே நேரத்தில் இங்கே கூட்டாளி யாரும் இல்லாமல், முழுச் சொந்த முதலீட்டில் இறங்கினார்கள். கூடவே கொரியப் பாகக் கம்பெனிகளையும் அழைத்து வந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ வீட்டில் உலை கொதித்தது அதனால்தான்.

ஒரு வாசகி, கும்பகோணம்: ‘ஹூண்டாய்’ என்றால் என்ன அர்த்தம்?

நவீனம், தற்காலம் என்று பொருள். கொரியர்கள் சொல்லும்போது ‘ஹியொன்டே’ என்பது போலக் கேட்கும்.

கே.எஸ்., திருப்பூர்: கிரெட்டா வாங்கப் போனால் பக்கத்து ஷோரூமில் கியாவின் செல்டோஸ் நிற்கிறது. இரண்டும் ஒரே முதலாளி என்கிறார்கள். தன் பிள்ளையைத் தன் பிள்ளையோடே மோதவிடுவது என்ன வியாபாரம்?

நல்ல கேள்வி. கியா 1997-ல் திவாலானது. அதை வாங்க ஃபோர்டும் போட்டியில் இருந்தது. 1998-ல் ஹூண்டாய் கைப்பற்றியது. இன்று கியாவில் ஹூண்டாயின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான், ஆனால் பிடி அவர்களிடம்.

கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பொதுவாக வைத்துக்கொள், கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் தனித்தனியாகச் செய். இதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட முறை. அடிச்சட்டகம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பகிர்ந்துகொள்வார்கள். 2019-ல் ஆந்திராவின் பெனுகொண்டாவிலிருந்து வந்த செல்டோஸும், 2020-ல் இங்கிருந்து வந்த இரண்டாம் தலைமுறை கிரெட்டாவும் அப்படிப்பட்ட சகோதரர்கள். ஒரு எஞ்சினை உருவாக்க ஆகும் செலவு இரண்டு பெயரில் பிரிந்துபோகும்.

வடிவத்தில் மட்டும் சமரசம் இல்லை. ஆடி டி.டி. காரில் பெயர் வாங்கிய பீட்டர் ஷ்ரையரை 2006-ல் கியாவுக்குக் கூட்டிவந்தார்கள். அதற்கு முன் கியா காரைத் தூரத்தில் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. அவர் வந்து முன்பக்கத்துக்குப் ‘புலி மூக்கு’ என்று ஓர் அடையாளம் கொடுத்தார். பிறகு இரண்டு பிராண்டுக்கும் சேர்த்து வடிவமைப்புத் தலைவரானார். ஒரே சமையல், இரண்டு இலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலையில் பரிமாறுகிற விதத்தில் நிஜமான வித்தியாசம் இருக்க வேண்டும். பேட்ஜை மட்டும் மாற்றி ஒட்டிய கம்பெனிகள் எத்தனையோ அடிபட்டிருக்கின்றன.

உங்களுக்கு எது வாங்குவது என்றால், உங்கள் வீட்டிலிருந்து எந்த சர்வீஸ் சென்டர் பக்கமோ அதை வாங்குங்கள். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன்.

எஸ்.வி., மதுரை: பணக்காரர்களுக்கு ஜெனசிஸ் என்று தனி பிராண்டு எதற்கு? ஹூண்டாய் பெயரிலேயே பெரிய கார் விற்கக் கூடாதா?

விற்றுப் பார்த்தார்கள். 2008-ல் வந்தபோது அது ‘ஹூண்டாய் ஜெனசிஸ்’தான். அடுத்த வருஷம் வட அமெரிக்காவின் சிறந்த கார் பரிசும் வாங்கியது. கார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பணம் கொடுக்கிறவர் சின்னக் கார் வாங்க வந்தவரோடு ஒரே வரிசையில் நிற்க விரும்பவில்லை. 2015 நவம்பரில் தனி பிராண்டாகப் பிரித்தார்கள். டொயோட்டா 1989-லேயே லெக்ஸஸில் செய்த காரியம் அது. 2023 ஆகஸ்டில் ஜெனசிஸ் பத்து லட்சமாவது காரைத் தாண்டியது. பெரிய காரில் லாபம் அதிகம். அங்கே பழகிய தொழில்நுட்பம் நாலைந்து வருஷத்தில் சின்ன காருக்கும் இறங்கி வரும். அந்த இரண்டாவது காரணத்துக்காக எனக்கு ஜெனசிஸ் பிடிக்கும்.

டி.பி., கோயம்புத்தூர்: எலக்ட்ரிக்கா, ஹைபிரிட்டா, ஹைட்ரஜனா? ஹூண்டாய் எதில் பணம் கட்டுகிறது? 800 வோல்ட் என்கிறார்களே, அது ஆபத்தில்லையா?

மூன்றிலும் கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் முதலீட்டாளர்களிடம் சொன்ன கணக்கு இது. கியாவைச் சேர்க்காமல், 2030-ல் வருஷத்துக்கு 55.5 லட்சம் வண்டி, அதில் 20 லட்சம் முழு எலக்ட்ரிக். அதே கூட்டத்தில் ஹைபிரிட் மாடல்களை 7-லிருந்து 14 ஆக்குவோம் என்றார்கள். மறு வருஷம் அதை 18-க்கு மேல் என்று உயர்த்தினார்கள். எலக்ட்ரிக் விற்பனை நினைத்த வேகத்தில் ஏறவில்லை, அதற்குத் தகுந்தபடி கணக்கை மாற்றினார்கள். இதைத் தடுமாற்றம் என்று சிலர் எழுதினார்கள். வாங்குகிறவர் தயங்கும்போது அவரோடு சேர்ந்து ஒரு அடி நிற்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஹைட்ரஜனில் 2018 முதல் நெக்ஸோ கார், 2020 முதல் சுவிட்சர்லாந்து சாலைகளில் லாரிகள். ஐ.ஐ.டி. மெட்ராஸுடன் சேர்ந்து ஹைட்ரஜன் மையம் ஒன்றுக்கும் 2024-ல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

800 வோல்ட் பற்றிக் கேட்டது என் மனசுக்கு நெருக்கமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய எலக்ட்ரிக் கார்களில் பெரும்பாலும் 400 வோல்ட். அதே சக்தியை 800 வோல்ட்டில் அனுப்பினால் ஒயரில் ஓடும் கரன்ட் பாதியாகும். கரன்ட் பாதியானால் அதே ஒயரில் வெப்பம் கால் பங்காகும். வெப்பம் குறைந்தால் செம்பு கனமாக வேண்டியதில்லை, சார்ஜும் வேகமாக ஏற்றலாம். 2021-ல் வந்த ஐயோனிக் 5, தகுந்த 350 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிஷத்தில் ஏறுகிறது. சாலையோரக் கடையில் டீ குடித்து, கை கழுவி வரும் நேரம். அப்போது இது மிக விலை உயர்ந்த சில கார்களில் மட்டும் இருந்த விஷயம். சாதாரணக் குடும்பக் காருக்கு அதைக் கொண்டுவந்ததுதான் புதுமை. அதன் உடம்புக் கோடுகளில் பழைய போனியின் சாயல் இருக்கிறது, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-ல் உலகின் சிறந்த கார் பரிசு அதற்குத்தான்.

ஆபத்து பற்றி: உயர் வோல்ட் ஒயர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பயிற்சி இல்லாத மெக்கானிக் யாரையும் அதில் கை வைக்கவிடாதீர்கள். மற்றபடி 400 வோல்ட்டும் உயிரை எடுக்கும்தான், 800 என்று தனியாகப் பயப்பட வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர், சேலம்: புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். அவர்கள் தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறார்கள். 2016-ல் சீனாவில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து சுமார் 18 லட்சம் கார் விற்றன. தென்கொரியாவில் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவும் தகராறில் சீனர்கள் கொரியப் பொருட்களைப் புறக்கணித்தார்கள். அடுத்த வருஷமே விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, பழைய நிலைக்கு மீளவே இல்லை. அரசியல் மட்டும் காரணம் இல்லை. உள்ளூர் சீனக் கம்பெனிகள் அதே வசதியை இன்னும் குறைந்த விலையில் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. ரஷ்யாவில், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நின்றுபோன செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொழிற்சாலையை வெறும் 10,000 ரூபிளுக்குக் கைமாற்றினார்கள், இரண்டு வருஷத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு.

இவையெல்லாம் கைமீறிப் போனவை. என்னை வருத்துவது தீட்டா 2 எஞ்சின் விவகாரம். எஞ்சினுக்குள் கிராங்க்ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு. அதில் எண்ணெய் போக மெல்லிய துளை போடுவார்கள். துளை போட்டபோது விழுந்த உலோகச் சுருள் சரியாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கியது. சுருள் எண்ணெய் வழியை அடைத்தது, பேரிங் தேய்ந்தது, ஓடுகிற வண்டி நெடுஞ்சாலையில் நின்றது. 2015-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 4.7 லட்சம் வண்டியைத் திரும்ப அழைத்தார்கள். அதில் முழு உண்மையும் சொல்லப்படவில்லை என்று கம்பெனிக்குள்ளிருந்த பொறியாளர் கிம் குவாங்-ஹோ அதிகாரிகளிடம் ஆவணங்களோடு போனார். 2017-ல் இன்னும் 12 லட்சம் வண்டி திரும்ப அழைக்கப்பட்டது. 2021-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது.

அந்தச் சுருள் விரல் நுனியில் ஒட்டும் அளவுதான் இருக்கும். பத்து வருஷ வாரண்டி கொடுத்துத் தலை நிமிர்ந்த கம்பெனி, ஒரு கழுவலைச் சரியாகச் செய்யாமல் விட்டது, தெரிந்த பிறகும் வாய் திறக்கத் தாமதித்தது. இரண்டாவது தப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கோளாறு வரும். வந்தால் முதல் ஆளாக நீயே சொல்ல வேண்டும்.

எம்.ஏ., நாகர்கோவில்: 2024-ல் ஹூண்டாய் இந்தியா பங்கு வெளியீட்டில் விண்ணப்பித்தேன். என் பணம் சென்னைத் தொழிற்சாலைக்குப் போனதா, கொரியாவுக்கா?

கொரியாவுக்கு. ஒரு பங்கு 1,960 ரூபாய், மொத்தம் 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியாவில் வந்ததிலேயே பெரிய வெளியீடு. ஆனால் புதுப் பங்கு ஒன்றுகூட இல்லை. தாய்க் கம்பெனி தன் கையிலிருந்த 17.5 சதவீதத்தை விற்றது, அவ்வளவுதான். விண்ணப்ப ஆவணத்திலேயே எழுதியிருந்தது.

இந்தியக் கம்பெனி தன் வேலைக்குத் தனியாகப் பணம் போடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வாங்கிய மகாராஷ்டிரத் தலேகாவ் தொழிற்சாலை 2025-ல் ஓட ஆரம்பித்துவிட்டது. 2030 நிதியாண்டுக்குள் 45,000 கோடி ரூபாய் முதலீடு, 26 அறிமுகங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். பங்கை வைத்திருக்கலாமா, விற்கலாமா என்று நான் சொல்வது முறையல்ல, அது என் படிப்பு இல்லை.

எல்., ஸ்ரீபெரும்புதூர்: அக்கா, நான் டிப்ளமோ முடித்து ஒரு ஹார்னஸ் லைனில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கனெக்டர் சொருகுகிறேன். நீங்கள் எழுதும் இந்தப் பெரிய திட்டங்களுக்கும் என் வேலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா? லைன் லீடர் ஆக என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

தங்கச்சி, 2020 பிப்ரவரி முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவால் சீனாவில் தொழிற்சாலைகள் மூடின. சில நாளிலேயே கொரியாவில் ஹூண்டாயின் லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. எஃகைத் தன் குழுமத்திலேயே உருக்குகிறவர்கள், காரைத் தன் குழுமத்துக் கப்பலிலேயே ஏற்றுகிறவர்கள். அவர்களை நிறுத்தியது எது தெரியுமா? ஒயரிங் ஹார்னஸ். மாடலுக்கு மாடல், வசதிக்கு வசதி வேறுபடுவதால் அதை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. வளைந்து நெளியும் ஒயரை ரோபோவுக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, கையால்தான் கட்டியாக வேண்டும். ரோபோ செய்யும் பாஸ்டன் டைனமிக்ஸையே 2021-ல் வாங்கிய குழுமம் அது. இன்றைக்கும் ஹார்னஸ் போர்டின் முன்னால் நிற்பது உன்னைப் போன்ற பெண்கள்தான்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். எந்தக் கார் கம்பெனிக்கு என்பது வேண்டாம். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், வலது பக்க ஹெட்லைட் எரியவில்லை என்று ஒரு வண்டியிலிருந்து புகார் வந்தது. பிரித்துப் பார்த்தால் எங்கள் கனெக்டர் பாதிதான் உள்ளே போயிருந்தது. சொருகிய பெண் நல்ல வேலைக்காரி, அழுதுகொண்டே ‘கிளிக் கேட்டது மேடம்’ என்றாள். பொய் சொல்லவில்லை. நான் அவள் இடத்தில் போய் நின்றேன். ஒரு முழம் தள்ளி அடுத்த போர்டு. அந்தப் போர்டின் கிளிக் இவள் காதில் விழுந்திருக்கிறது. ஸ்டோரில் இருந்த 1,800 ஹார்னஸையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். இன்னும் மூன்று கழன்று வந்தன. அதுவரை எங்கள் லைனில் ‘தள்ளு, கேள்’ என்றுதான் எழுதியிருந்தது. திங்கட்கிழமை ‘இழு’ என்று மூன்றாவதாகச் சேர்த்தோம், போர்டுகளையும் தள்ளித் தள்ளிப் போட்டோம்.

லைன் லீடர் ஆக வேண்டும் என்றால் முதலில் கிரிம்ப் உயரம் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கேட்டு வாங்கி அளந்து பழகு. (மற்றவர்களுக்கு: ஒயர் நுனியில் டெர்மினல் என்ற உலோக முனையை அழுத்திப் பிடிக்கவைப்பதுதான் கிரிம்ப்.) அப்புறம் தரப்பிரிவில் டெர்மினலைக் குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் நாள் எது என்று விசாரித்து, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம் அங்கே போய் நில். செம்பு இழைகள் தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று நெருங்கி, இடையில் கறுப்பு இடைவெளி இல்லாமல் இருந்தால் நல்ல கிரிம்ப். நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் பத்து முறை பார்த்துவிடு. பார்த்துவிட்டு எனக்கு எழுது.